நாலு வயரும் ஒரு கொப்பியும்: மீன் பெட்டிக்குள் வெப்பநிலை பார்த்த அனுபவம்

மீன் பெட்டி எத்தனை பாகையில் இருக்கிறது என்று கேட்டால் அதற்கு ஒற்றை விடை கிடையாது. மேல் வரிசை மீன் ஒரு வெப்பநிலையில் இருக்கும், நடுவில் கிடப்பது வேறொன்றில், மூலையில் இருப்பது இன்னொன்றில். பின்னேரம் ஆறு மணிக்கு இருந்த கணக்கு இரவு பத்து மணிக்கு இராது. ஒரு கம்பியைக் குத்தி ஒரு தரம் பார்த்துவிட்டு "சரி, குளிர்தான்" என்று சொல்லிவிட முடியாது. ஒரே நேரத்தில் நாலு இடத்தைப் பார்த்து நேரத்தோடு பதிந்து வைக்கிற கைமீற்றர் வேண்டும். பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் வேண்டும். கொப்பி இல்லாவிட்டால் மீற்றர் தரும் இலக்கங்களில் பாதிக்கு அர்த்தமே தெரியாது.

கிளிநொச்சியில் இருந்துகொண்டு குளிர்சாதனப் பெட்டி, ஐஸ் பெட்டி, குளிரறை திருத்துவது என் தொழில். பரந்தன், முல்லைத்தீவு, மன்னார் என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். மோட்டார் ஓடுகிறதா, காஸ் இருக்கிறதா என்று பார்ப்பது தொழிலின் ஒரு பக்கம்தான். பெட்டி நல்லதாக இருந்தும் உள்ளே இருக்கும் பொருள் பழுதாகிறது என்றால், வெப்பம் எந்த வழியால் உள்ளே வருகிறது, அல்லது எந்த இடத்தில் வெளியே போகாமல் நிற்கிறது என்று தேட வேண்டும். அந்தத் தேடலுக்கு நாலு சனல் மீற்றர், அதாவது நாலு வயர் செருகி நாலு இடத்தை ஒன்றாக அளக்கும் மீற்றர் போல உதவிய ஆயுதம் எனக்கு வேறில்லை.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீற்றரின் தலையில் நாலு பிளக் ஓட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு தெர்மோகப்பிள் வயர். அது இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை நுனியில் மட்டும் சேர்த்துப் பற்றவைத்தது. நுனிக்கும் பிளக்குக்கும் இடையே வெப்ப வித்தியாசம் இருந்தால் அந்தக் கம்பிகளில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் சீபெக் என்ற விஞ்ஞானி கண்டது இது. எந்த உலோகச் சோடி என்பதைப் பொறுத்து வயர்களைக் கே வகை, டி வகை என்று எழுத்தால் பிரிப்பார்கள். நாங்கள் அதிகம் பாவிக்கும் கே வகையில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ற். மீற்றர் அந்த வித்தியாசத்தை அளந்து, தன்னுடைய சொந்த வெப்பநிலையை அதனோடு கூட்டித் திரையில் காட்டுகிறது. அதாவது மீற்றருக்குத் தெரிவது வித்தியாசம் மட்டும். மிச்சத்தைத் தன் உடம்புச் சூட்டை வைத்துக் கணக்குப் பார்க்கிறது. பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தில் இருந்து வருபவைதான்.

முல்லைத்தீவுக் கரையில் ஒரு சம்மாட்டியாரின், அதாவது மீன்பிடி முதலாளியின் வாடி. அங்கிருந்து பின்னேரம் ஏற்றும் மீன் ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக ஏ9 வீதியில் ஏறி, வவுனியா, தம்புள்ள தாண்டி, விடியமுன்னம் கொழும்புக்கு அருகே உள்ள பேலியகொட மீன் சந்தைக்குப் போய்விடும். அங்கே ஒவ்வொரு முறையும் சரக்கில் ஒரு பங்கு இரண்டாம் தரம் என்று விலை குறைக்கப்பட்டது. வயிறு இளகிவிட்டது, செவுள் நிறம் மாறிவிட்டது என்பது வாங்குபவர்களின் சொல். சம்மாட்டியாருக்கு அது நியாயமாகப் படவில்லை.

"ஐஸ் காணும் தம்பி. பெட்டியைத் திறந்து கையை வைச்சுப் பாரும், கை விறைக்குது" என்றார்.

கை விறைத்தது உண்மை. ஆனால் கை தொட்டது ஐஸை. மீனின் சதைக்குள் என்ன நடக்கிறது என்பது கைக்குத் தெரியாது. அந்த லொறியில் போவது பாரை, அறக்குளா, சூரை போன்ற பெரிய மீன்கள். சூரை, அறக்குளா, கும்பிளா வகை மீன்களுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் கவனம் தேவை. அவை 4 பாகைக்கு மேலே நெடுநேரம் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்துக் குழம்பு வைத்தாலும் அது அழியாது. தின்றவருக்கு முகம் சிவந்து, தடிப்பு வந்து, தலையிடிக்கும். மீன்துறையில் வழங்கும் கணக்கு ஒன்று உண்டு: 0 பாகையில் மீன் கெடும் வேகத்தை ஒன்று என்று வைத்தால் 5 பாகையில் அது இரண்டு மடங்குக்கு மேல், 10 பாகையில் ஏறத்தாழ நாலு மடங்கு. ஆகவே எங்களுக்கு வேண்டிய பரப்பு 0 முதல் 4 வரை. இந்தக் குறுகிய இடைவெளிக்குள்தான் அளவு சரியாக இருக்க வேண்டும்.

இங்கேதான் முதல் பாடம். கடையில் வாங்கும் சாதாரண கே வகை வயர் ஒன்றுக்கு, அதன் தரத்தைப் பொறுத்து, ஒன்றரை பாகை முதல் இரண்டரை பாகை வரை கூடவோ குறையவோ காட்ட அனுமதி உண்டு. அடுப்பு, சூளை பார்ப்பவருக்கு அது ஒன்றுமே இல்லை. 0க்கும் 4க்கும் நடுவே நிற்கும் எங்களுக்கு அது பெரிய வெட்டு. டி வகை வயரில் நல்ல தரமானது அரைப் பாகைக்குள் நிற்கும். குளிர் வேலைக்கு அது மேல். ஆனால் மீற்றரில் வகையை "டி" என்று மாற்ற வேண்டும், மாற்றாமல் செருகினால் வரும் இலக்கத்தை நம்ப முடியாது. எந்த வகையாக இருந்தாலும் வேலை தொடங்கமுன்னம் ஐஸில் வைத்துப் பார்க்காமல் நான் தொடங்குவதில்லை.

ஐஸ் பார்ப்பது என்றால் ஒரு கோப்பை ஐஸ் தண்ணீருக்குள் வயரைத் தொங்கவிடுவது அல்ல. ஐஸ் மிதக்கும் தண்ணீரின் அடியில் வெப்பநிலை 4 பாகை வரை இருக்கலாம், ஏனென்றால் தண்ணீரின் அடர்த்தி மிகக் கூடியது அந்த வெப்பநிலையில்தான். செய்ய வேண்டியது இது. நல்ல தண்ணீரில் செய்த ஐஸைச் சீனிக்கட்டி அளவுக்கும் சின்னதாக நொறுக்கி, தேத்தண்ணிப் பிளாஸ்க் ஒன்றை அதால் நிரப்ப வேண்டும். ஐஸ் துண்டுகளுக்கு இடையே உள்ள வெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் நல்ல தண்ணீர் விட வேண்டும். ஐஸ் அடிவரை நிற்க வேண்டும், மிதக்கக் கூடாது. கிளறிவிட்டு ஐந்து நிமிடம் விட்டு, நாலு நுனியையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி நடுவில் இறக்க வேண்டும். நுனி பிளாஸ்கின் சுவரிலோ அடியிலோ முட்டக்கூடாது. வாடியில் இதைச் செய்யும்போது ஒரு கவனம் வேண்டும்: மீன் கழுவிய உப்புத் தண்ணீர் பட்ட ஐஸ் 0 பாகையில் உருகாது, அதற்குக் கீழே போய்விடும். புதுக் கட்டியை உடைத்து, நல்ல தண்ணீரால் ஒரு தரம் கழுவி எடுப்பதுதான் முறை.

அன்று ஒன்றாம் சனல் 0.3 காட்டியது, இரண்டாவது 0.4, நாலாவது 0.2. மூன்றாவது மட்டும் 1.6. இப்படி ஒன்று விலகினால் குற்றம் வயரிலா மீற்றரிலா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இரண்டு பிளக்கை இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். பிழை வயரோடு சேர்ந்து நகர்ந்தால் வயர், அதே ஓட்டையில் நின்றால் மீற்றர். எங்களது வயரோடு போனது. அந்த வயருக்கு 1.6 கழிக்க வேண்டும் என்று கொப்பியில் எழுதி, வயரின் இரண்டு நுனியிலும் சிவப்பு நாடா சுற்றினேன். மற்றவற்றுக்கும் வேறு வேறு நிற நாடா. மீற்றருக்குள்ளேயே இந்தத் திருத்தத்தைப் பதிந்து வைக்கும் வசதி சிலவற்றில் உண்டு. ஆனால் கொப்பியில் எழுதிக் கழிப்பதுதான் எனக்குப் பிடித்தது. அடுத்த ஆள் அந்த மீற்றரை எடுக்கும்போது உள்ளே என்ன திருத்தம் கிடக்கிறது என்று தெரியாமல் நிற்க வேண்டிவராது.

அப்புறம் வயரை மீனுக்குள் வைப்பது. கூர்க்கம்பி போன்ற புரோப் இருந்தால் குத்தலாம். ஆனால் லொறி குலுங்கும்போது அது நகர்ந்துவிடும், தடித்த கம்பி வெளிச் சூட்டையும் உள்ளே கடத்தும். மெல்லிய வயர் நுனிதான் நல்லது. சாக்குத் தைக்கிற ஊசியால் தலைக்குப் பின்னால், முள்ளந்தண்டுக்கு அருகே, சதை மிகவும் தடித்த இடத்தில் ஒரு ஓட்டை போட்டு, வயரை ஒரு விரல் நீளத்துக்கு மேல் உள்ளே தள்ள வேண்டும். வயரின் மிச்சத்தைக் கொஞ்ச தூரம் மீனின் உடம்போடு ஒட்டவிட்டு நூலால் ஒரு கட்டு. ஓட்டை வழியே ஐஸ் தண்ணீர் இறங்கினால் மீனை விட்டுத் தண்ணீரைத்தான் அளப்பீர்கள், அதனால் ஓட்டை கீழ்ப்பக்கம் பார்த்திருக்க மீனைக் கிடத்துவது நல்லது.

நாலு இடத்தை இப்படிப் பிரித்தோம். ஒன்று மேல் வரிசை மீன். இரண்டு பெட்டியின் நட்ட நடுவில் ஒரு பாரை. மூன்று அடியில், லொறியின் புகைக்குழாய் போகும் பக்கத்து மூலை. நாலு பெட்டிக்கு வெளியே, லொறியின் உள்காற்று. இரண்டு நிமிடத்துக்கு ஒரு பதிவு. கொப்பியை லொறித் தம்பியிடம் கொடுத்து, மூடி திறந்தால், லொறி நின்றால், ஐஸ் போட்டால், தண்ணீர் திறந்துவிட்டால் நேரத்தோடு எழுதச் சொன்னேன். எல்லாருக்கும் சந்தேகம் மூடியில்தான் இருந்தது. மூடி கொஞ்சம் வளைந்து ஒரு பக்கம் வெளி தெரிந்தது.

அடுத்த நாள் எஸ்டி கார்டைக் கணினியில் போட்டு வரைபடமாக்கியபோது மூன்று கோடும் மூன்று கதை சொன்னது. மேல் வரிசை சீக்கிரம் 2 பாகைக்கு வந்துவிட்டது. வவுனியாவில் இன்னொரு சரக்கு ஏற்றியபோது மட்டும் 6 வரை ஏறி, பிறகு இறங்கியது. தம்பியின் கொப்பியில் அதே நேரத்துக்கு "மூடி திறந்தது, கனநேரம்" என்று இருந்தது. மூலை மீன் நள்ளிரவு வரைக்கும் நல்லாக இருந்து, அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஏறியது. புகைக்குழாய்ச் சூட்டில் அந்த மூலை ஐஸ் முதலில் உருகி முடிந்திருக்கிறது. நடுவில் கிடந்த பாரைதான் எங்களை நிமிர வைத்தது. ஏற்றும்போது 27 பாகை. மாங்குளம் கழியும்போது 20க்கு மேல். பேலியகொடயில் இறக்கும்போது 12. இரவு முழுக்க அந்த மீன் ஒரு நிமிடம் கூட 4 பாகையைத் தொடவில்லை.

காரணம் அடுக்கிய முறை. அடியில் ஒரு படை ஐஸ், அதன்மேல் மீன், மீன், மீன், கடைசியில் மேலே ஒரு படை ஐஸ். நடுவில் ஐஸே இல்லை. தடித்த ஒரு பொருளின் நடுவுக்குக் குளிர் போய்ச் சேர எடுக்கும் நேரம் தடிப்போடு சேர்ந்து அப்படியே கூடுவதில்லை, தடிப்பின் வர்க்கத்தோடு கூடும். மீன் படை இரண்டு மடங்கு தடித்தால் நேரம் நாலு மடங்கு. மூன்று மடங்கு தடித்தால் ஒன்பது மடங்கு. பெட்டி நிறைய ஐஸ் இருந்தாலும் அது மீனைத் தொடாவிட்டால் பயன் இல்லை.

வரைபடத்தைக் காட்டியபோது சம்மாட்டியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நடுவுக்குள்ள கிடந்த மீன் ஐஸையே காணேல்லை எண்டு சொல்லும்" என்றார். பெட்டி அடுக்கும் அக்கா ஒருவர் பக்கத்தில் நின்றார். "மிஞ்சின பெட்டியை அடுத்த நாள் பிரிக்கேக்குள்ள நடுவில கிடக்கிற மீனின்ர கண்தான் முதலில சிவந்து கிடக்கும். நாங்கள் எப்பவோ சொன்னனாங்கள்" என்றார். உண்மைதான். கையால் பெட்டி அடுக்குகிறவர்களுக்கு நிறையத் தெரியும். எங்கே வயர் வைப்பது என்று முடிவெடுக்கமுன்னம் முதலில் கேட்க வேண்டியது அவர்களிடம்தான். அதற்குப் பிறகு எங்கே போனாலும் நான் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறேன்.

ஐஸ் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் எடுக்கும். 100 கிலோ மீனை 30 பாகையில் இருந்து 0க்கு இறக்க ஏறத்தாழ 32 கிலோ ஐஸ் போதும். அப்படியானால் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கரையில் போடும் மிச்ச ஐஸ் எதற்கு? வழிநெடுக பெட்டிச் சுவரால் உள்ளே வரும் சூட்டைத் தின்பதற்கு. சோழகக் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் ஐந்து மணிக்கும் லொறியின் உள்காற்று 40 பாகையை நெருங்கி நின்றதை நாலாம் சனல் காட்டியது. அந்தச் சூட்டையும் சேர்த்துப் பார்த்தாலும் ஐஸின் அளவு அங்கே போதுமானதாகவே இருந்தது. இடம்தான் மாற வேண்டியிருந்தது.

மாற்றியது இவ்வளவுதான். ஒவ்வொரு மீன் வரிசைக்கும் இடையில் நொறுக்கிய ஐஸ். பெரிய மீனைக் குடல் எடுத்து வயிற்றுக்குள்ளும் ஐஸ். நாலு சுவரோரமும் ஐஸ். பெட்டிக்கு அடியில் இரண்டு பலகைச் சட்டம் கொடுத்துப் புகைக்குழாய்ப் பக்கத்தில் காற்றோட வெளி. உருகும் தண்ணீர் வழிந்தோட அடித் துவாரம் திறந்தபடி. மீன் முன்னையது போலத்தான், ஐஸும் அதே அளவு. அடுத்த ஓட்டத்தில் நடுவில் கிடந்த பாரை மூன்று மணித்தியாலத்துக்குள் 4 பாகைக்குக் கீழே வந்தது, பேலியகொட வரைக்கும் 1 பாகைப் பக்கத்தில் நின்றது. மூடியை மாற்றவே இல்லை. வளைந்த மூடிக்குக் காசு செலவழிக்காமல் தப்பியது அந்த நாலு வயரால்.

இனி வயர் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வயர் பழுதாகும்போது மீற்றர் அலறுவதில்லை. நம்பத் தகுந்த ஒரு பொய்யைச் சொல்லும்.

மிக ஆபத்தானது நீட்டு வயர். ஒரு இடத்தில் குளிரறை ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். திரையில் 3 பாகை, உள்ளே போனால் அவ்வளவு குளிர் இல்லை. முன்னர் வேலை செய்தவர்கள் தெர்மோகப்பிள் வயர் எட்டாததால் சாதாரண செப்பு வயரை முறுக்கி நீட்டியிருந்தார்கள். அப்படிச் செய்தால் என்ன நடக்கும்? செப்பு வயரில் அந்த மின்னழுத்தம் பிறக்காது. ஆகவே மீற்றருக்குக் கிடைப்பது நுனிக்கும் முறுக்கிய இடத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். மீற்றரோ அதனோடு தன் வெப்பநிலையைக் கூட்டிக்கொள்ளும். முறுக்கிய மூட்டு தகரக் கூரைக்குக் கீழே 40 பாகையில் இருந்தது, மீற்றர் குளிரூட்டிய அலுவலக அறையில் 28இல். வித்தியாசம் 12. திரை உண்மையைவிட 12 பாகை குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. வெயில் கூடக் கூடக் குளிரறை இன்னும் குளிர்வது போலத் தெரியும். இதைவிடக் கெட்ட பிழை எனக்குத் தெரியாது. நீட்டவே வேண்டும் என்றால் அதே வகை நீட்டு வயரும் அதே வகைப் பிளக்கும் வாங்கித்தான் நீட்ட வேண்டும்.

அடுத்தது நசிந்த வயர். லொறிக் கதவிலோ பெட்டி மூடியிலோ வயர் நசிந்து உள்ளே இரண்டு கம்பியும் தொட்டுவிட்டால் அந்த இடமே புதிய நுனியாகிவிடும். மீற்றர் பிழை எதுவும் காட்டாது, கதவடி வெப்பநிலையை அமைதியாகக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு கோடு திடீரென வெளிக்காற்றுக் கோட்டோடு சேர்ந்து ஓடத் தொடங்கினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். வயர் முற்றாக அறுந்தால் நல்லது, திரையில் இலக்கத்துக்குப் பதிலாகச் சின்னக் கோடுகள் வரும், உடனே தெரியும்.

நிறமும் குழப்பும். அமெரிக்க முறை கே வயர் மஞ்சள், அதில் சிவப்புக் கம்பி மைனஸ். கரண்ட் வேலை செய்து பழகியவரின் கை சிவப்பைத்தான் பிளஸ் என்று நினைக்கும். ஐரோப்பிய முறை வயர் பச்சை, அதில் வெள்ளை மைனஸ். பிளக்கின் இரண்டு தகடும் ஒரே அகலம் இல்லாததற்குக் காரணம் மாறிச் செருகாமல் இருக்கத்தான். ஆனால் பிளக்குக்குள் கம்பியை மாற்றிப் பூட்டினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். நுனியைக் கைக்குள் பொத்திப் பிடியுங்கள். இலக்கம் ஏற வேண்டும். இறங்கினால் கம்பி மாறிக் கிடக்கிறது.

கடற்கரை வேலைக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. மலிவான மீற்றர்களில் நாலு சனலும் உள்ளே ஒன்றோடொன்று மின்னால் பிரிக்கப்பட்டிருக்காது. மூடியில்லாத இரண்டு நுனி ஒரே தகரப் பெட்டியைத் தொட்டாலோ, உப்புத் தண்ணீரில் ஒன்றாக நனைந்தாலோ, இலக்கம் துள்ளும், அல்லது ஒன்று மற்றதை இழுக்கும். சந்தேகம் வந்தால் ஒரு வயரைப் பிடுங்கிப் பாருங்கள். மற்றதன் இலக்கம் அசைந்தால் இதுதான் காரணம். நுனிக்குச் சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, இரு பக்கமும் எப்பொக்சிப் பசையால் அடைத்துவிடுவேன். அதனால் அளவு ஒரு சில விநாடி பிந்தி வரும். மீனுக்கு அது ஒரு பொருட்டல்ல.

மீற்றரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஐஸ் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, லொறி முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலிலும் வைக்கக் கூடாது. குளிரூட்டிய அறையில் இருந்து வெயிலுக்குக் கொண்டுவந்த உடனே வரும் அளவை நம்பாதீர்கள். மீற்றரின் உடம்பும் பிளக்கும் ஒரே சூட்டுக்கு வரும் வரை அரை மணித்தியாலம் விடுங்கள். நான் ஒரு பழைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்து, மூடியின் ஓரத்தால் வயரை விட்டு, சீற்றுக்குக் கீழே வைத்துவிடுவேன்.

பற்றரி புதிதாகப் போடுங்கள். தானாக அணையும் வசதியை நிறுத்துங்கள். பற்றரி மாற்றினால் சில மீற்றர்களின் மணிக்கூடு பழைய ஆண்டுக்குப் போய்விடும், அதைப் போனின் நேரத்தோடு சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கொப்பி நேரமும் மீற்றர் நேரமும் ஒத்துவராவிட்டால் எந்த ஏற்றம் எந்த மூடி திறப்புக்கு உரியது என்று பொருத்தவே முடியாது. பவர் பாங்கில் பூட்டி இரவு முழுக்க ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: மீற்றர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் பல பவர் பாங்குகள் "ஒன்றும் பூட்டவில்லை" என்று எண்ணித் தாமாக அணைந்துவிடும். வீட்டில் ஒரு இரவு ஓட்டிப் பார்த்த பிறகே நம்புங்கள்.

எத்தனை நேரத்துக்கு ஒரு பதிவு என்பது பார்க்கும் பொருளைப் பொறுத்தது. மோட்டார் ஓடி நிற்கும் பிரீசருக்கு அரை நிமிடத்துக்கு ஒன்றாவது வேண்டும், இல்லாவிட்டால் ஓடுவதும் நிற்பதும் கோட்டில் தெரியாது. மீன் பெட்டிக்கு இரண்டு முதல் ஐந்து நிமிடம். நெல் களஞ்சியத்துக்கு அரை மணித்தியாலம் தாராளம். ஒரு விநாடிக்கு ஒன்று என்று வைத்துவிட்டு, கார்ட் நிரம்பியதும் ஆயிரக்கணக்கான வரிகளோடு எக்செலில் மல்லுக்கட்டுவதில் பயன் இல்லை. கோப்பைத் திறக்கும்போது திகதியைக் கவனியுங்கள். மீற்றர் மாதத்தை முதலில் எழுதும், கணினி முதலில் இருப்பதை நாள் என்று படிக்கும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாளில் நடந்தவை பேசாமல் வேறு மாதத்துக்குப் போய்விடும்.

துவக்குப் போன்ற அகச்சிவப்பு வெப்பமானியைப் பலர் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அது மேற்பரப்பை மட்டும் பார்க்கும். மினுங்கும் ஸ்டீல் சுவரில் பிடித்தால் எதிரே தெறிக்கும் சூட்டையும் சேர்த்துக் காட்டும். எந்த இடம் சூடு என்று தேடுவதற்கு நல்லது. மீனின் உள்ளே பார்க்க அது உதவாது.

இதே மீற்றர் நெல்லுக்கும் போகிறது. காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் இரணைமடுப் பக்கம் விதைநெல் காய வைப்பார்கள். தார் றோட்டோரமும் சீமெந்துத் தரையும் நெல்லாகவே கிடக்கும். விதைநெல் 43 பாகைக்கு மேலே போகக்கூடாது, போனால் முளைதிறன் குறையும். உச்சி வெயிலில் காற்று 34 என்றால் நெல்லும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு விவசாயியின் சீமெந்துத் தரையில் ஒன்றை நெல்லின் மேல் பரப்பிலும், ஒன்றை நடுவிலும், ஒன்றைத் தரையோடும், ஒன்றை நிழலில் காற்றிலும் வைத்தோம். பன்னிரண்டு மணி தாண்டியதும் மேல் பரப்பு 50ஐத் தாண்டியது. அந்த நேரம் நடு நெல் 41. கிளறிவிட்ட ஒவ்வொரு முறையும் இரண்டு கோடும் வந்து சந்தித்து மீண்டும் பிரிந்தன. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கிளறும்படியும், உச்சி வெயில் நேரம் நெல்லைக் கூட்டி மூடிவிடும்படியும் சொல்வதற்கு அந்தக் கோடுகளே போதுமாக இருந்தன. அவர் மனைவி அதைப் போனில் படம் எடுத்து அயலுக்கும் அனுப்பினார்.

வெயிலில் வைக்கும் நுனிக்கு ஒரு எச்சரிக்கை. காற்றை அளக்க வேண்டுமானால் நுனிமேல் நேர் வெயில் படக்கூடாது, பட்டால் அது தன் சூட்டையே காட்டும். ஒரு வெள்ளை ஐஸ்கிறீம் டப்பாவின் பக்கங்களில் துவாரம் போட்டுக் கவிழ்த்து வைத்தால் போதும். நெல்லின் மேல் பரப்பை அளக்கும் நுனியை இரண்டு மூன்று மணி நெல்லால் மூடிவிட வேண்டும். சாக்கு அடுக்குக்குள் பார்ப்பதற்கு ஒரு மெல்லிய மூங்கில் குச்சியில் வயரைக் கட்டி இரண்டு சாக்குக்கு நடுவே தள்ளலாம். அங்கே இலக்கம் எவ்வளவு என்பதைவிட, மற்றச் சாக்குகளோடு ஒப்பிட்டால் எது விலகுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நாளுக்கு நாள் ஒரு இடம் மட்டும் ஏறினால் அங்கே ஈரமோ வண்டோ இருக்கிறது, அந்தச் சாக்கைப் பிரித்துப் பாருங்கள்.

ஓட்டம் முடிந்ததும் வயரை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, திரும்ப ஒரு தரம் ஐஸில் இறக்குகிறேன். காலையில் 0.3 காட்டியது இரவும் 0.3 என்றால் இடையில் பதிந்த எல்லாவற்றையும் நம்பலாம். அரைப் பாகைக்கு மேல் மாறியிருந்தால் அந்தச் சனலின் பதிவை ஒதுக்கிவிட்டு, வயரின் நுனியில் இரண்டு அங்குலம் வெட்டி, கம்பிகளை முறுக்கிப் பற்றவைத்து, மறுபடியும் ஐஸில் இருந்து தொடங்குவேன். பிறகு பற்றரியைக் கழற்றி, வயர்களை மடிக்காமல் பெரிய வளையமாகச் சுற்றி, கொப்பியோடு ஒரே பையில் வைத்துவிடுவேன்.